ஐந்து மில்லியில் எவ்வளவு?

அன்புள்ள மணிக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாததற்கு முழங்கால் வலியைக் காரணம் காட்டலாம். நீ நம்ப மாட்டாய். சோம்பல்தான். ஆனால் அடுத்த மாதம் பேரன் உன்னிடம் வந்து தங்கப்போகிறான் என்று படித்ததும், இனியும் தள்ளிப்போடுவது தவறு என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

போன வாரம் ஒருநாள் இரவு பேத்திக்குக் காய்ச்சல். மகளும் மாப்பிள்ளையும் ஊரில் இல்லை. வீட்டில் இருந்த பாரசிட்டமால் சிரப் தீர்ந்திருந்ததால் புதுப் புட்டி வாங்கி வந்து, வழக்கம்போல 5 மில்லி ஊற்றிக் கொடுத்தேன். மூடியைத் திருகும்போதுதான் எழுத்துகள் கண்ணில் பட்டன. பழைய புட்டியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இதில் 250. அதே நிறம், அதே குழந்தைப் படம். நெஞ்சு படபடக்க உன் தங்கையை எழுப்பினால், அவள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே சளி மருந்து கொடுத்திருக்கிறாள். அந்த அட்டையின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தபோது அதிலும் 125 மில்லிகிராம் பாரசிட்டமால் இருந்தது.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, குழந்தையின் வயதைச் சொன்னேன். அவர் எடையைக் கேட்டார். பத்து கிலோ என்றேன். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே கணக்கு, ஆகவே இவளுக்கு 150-ஐத் தாண்டக் கூடாது என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து கொடுத்தது 375. ஒருமுறை நேர்ந்த பிழை என்பதால் இவளது கல்லீரல் தாங்கிக்கொள்ளும், இன்று இரவு இனி எதுவும் கொடுக்க வேண்டாம், காலையில் அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, இதையே வேளாவேளைக்கு மூன்று நாள் கொடுத்திருந்தால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றும் சேர்த்தார். அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

காலையில் போனபோது விளக்கமாகக் கேட்டுக்கொண்டேன். பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலுக்குள் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுட்டதையோன் என்ற பொருள் உடனுக்குடன் அதை முறித்துவிடுகிறது. அளவு மீறும்போது குளுட்டதையோன் தீர்ந்து, நச்சு கல்லீரலைத் தின்னத் தொடங்குகிறது. கொடுமை என்னவென்றால், முதல் நாள் குழந்தை விளையாடிக்கொண்டுகூட இருக்கலாம். சேதம் பிறகுதான் வெளியே தெரியும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து உண்டு, முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். ஆகவே அளவு மீறியது தெரிந்தால், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் மாத்திரையை நாலாக உடைத்துத் தேனில் குழைக்கும் உன் வைத்தியத்தைப் பேரனிடம் காட்டாதே. அதுவும் ஆஸ்பிரினாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. ஃப்ளூ அல்லது சின்னம்மை கண்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரக்கூடும். 1963-லேயே விவரிக்கப்பட்ட நோய் அது. காய்ச்சலுக்கே கொடுக்கும் ஐபுப்ரோஃபென் வேறு மருந்து: வேளைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. வாந்தியும் பேதியுமாக நீர் வற்றியிருக்கும் பிள்ளைக்கும், டெங்கு என்று ஐயமிருந்தாலும், தொடவே வேண்டாம்.

உன் தம்பிக்குச் சிறுவயதில் காய்ச்சலில் வலிப்பு வந்ததிலிருந்து நீ தெர்மாமீட்டரைக் கண்டாலே நடுங்குவாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மருத்துவரிடம் அதையும் கேட்டேன். மருந்து கொடுத்தால் அந்த வலிப்பைத் தடுக்க முடியாதாம். உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டுவதுதான் காய்ச்சல். குழந்தை வலியில் சிணுங்கினால், சோர்ந்து கிடந்தால், அதன் அவதி குறையத்தான் மருந்து. தெர்மாமீட்டர் காட்டும் அளவைக் கீழே இறக்க அன்று தூங்கும் பிள்ளையை எழுப்பிப் புகட்டினேனே, அதற்குத் தேவையே இருந்திருக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே, நாமாக எதையும் புகட்டாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இப்போது இங்கே தேக்கரண்டிக்கு வேலையில்லை. ஒரு கரண்டி போல இன்னொன்று இருப்பதில்லை. ஊசியில்லாத மருந்துக் குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்து, காற்றுக்குமிழைத் தட்டி வெளியேற்றி, கோட்டைக் கண்மட்டத்தில் பார்த்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறேன். பாரசிட்டமால் என்றால் வேளைக்கு வேளை நான்கு மணி நேரமாவது இடைவெளி, நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்: மணி, மருந்து, எத்தனை மில்லிகிராம், கொடுத்தவர் யார்.

பேரன் வந்ததும் முதலில் எடை பார்த்து எனக்கு எழுது. நீ போடும் கணக்கை நானும் ஒருமுறை சரிபார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் உன் பெருக்கல் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. உன் தங்கை நலம். நேற்று அந்த நோட்டில் அவள் எழுதியிருந்தது: "இரவு 8.10. ரத்தக்கொதிப்பு மாத்திரை. தாத்தா மறந்துவிட்டார். கொடுத்தது நான்."

உன்,
சோம்பேறி மைத்துனன்