பெயர் குறிப்பிடாத ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாள் முதல், ஊன்றுகோலுடன் மீண்டும் கொட்டாஞ்சேனை வீட்டின் வாசற்படியைக் கடந்த நாள் வரையிலான ஏழு வாரங்களில் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். உங்களுள் பலர் தங்கள் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள்; வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்ற ஆண்டவரின் சொல்லை (மத்தேயு 6:3) நினைவூட்டியவரும் உண்டு. ஆகவே பெயர்களை விட்டுவிட்டேன். செய்தவற்றையும் விட்டுவிட மனம் வரவில்லை.

மின்தூக்கி பழுதாகிக் கிடந்த அன்று, நான்காம் மாடியிலிருந்து அம்மாவைப் பலகையில் கிடத்தி, அலுங்காமல் கீழே இறக்கியவர்கள் மூன்றாம் மாடி முஸ்லிம் குடும்பத்தின் இரு மகன்மார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பின் வந்த வாரங்களில், எங்கள் தொடர்மாடியில் பலர் அந்தக் குடும்பத்துக்கு முகங்கொடுக்காமல் இருந்தார்கள். அதுவரை செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த ஆலயத்துக்குப் போய்வந்த அம்மாவோ, வழக்கம்போல் அவர்கள் கதவைத் தட்டி, சமைத்ததில் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு வந்தார். நான் சண்டையிட்டேன். "பிள்ளையள் இருக்கிற வீடு, நீ பேசாமல் இரு" என்பதே அவர் சொன்ன பதில். அன்று பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்கள்தாம் இன்று பலகையைத் தூக்கினார்கள். இதை எழுத வெட்கமாக இருந்தாலும், எழுதாவிட்டால் இந்த நன்றி அரைகுறையாகிவிடும்.

மருத்துவமனையில், பக்கத்துக் கட்டிலிலிருந்த தன் தாயைப் பார்க்க வந்த சிங்களச் சகோதரி, வேலை முடிந்து நெரிசலில் அகப்பட்டு நான் பிந்திய நாட்களிலெல்லாம் அம்மாவுக்கும் சோறு பிசைந்து ஊட்டித் தலைவாரிவிட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்த சொற்கள் பத்துக்கூடத் தேறாது.

விடியற்காலையில் கஞ்சி கொண்டுவந்து தந்த அக்காவிடம் எத்தனை நாட்கள் வந்தீர்கள் என்று கேட்டேன். நன்றி சொல்வதிலும் கணக்குப் பார்க்கும் புத்தி எனக்கு. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், பசித்திருந்தேன், உணவு கொடுத்தீர்கள் என்று அரசர் சொல்லும்போது, எப்பொழுது உம்மைப் பசித்தவராகக் கண்டோம் என்று நேர்மையாளர்கள் கேட்பதை இத்தனை ஆண்டுகளும் பணிவின் பேச்சாகவே வாசித்துவந்தேன். அவர்களுக்கும் நினைவிருந்திருக்காது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்க மறுத்த ஓட்டோ அண்ணருக்கும், நற்கருணை கொண்டுவந்த கையோடு அரைமணி நேரம் அமர்ந்து அரிசி விலையைப் பற்றி அம்மாவோடு அலுத்துக்கொண்ட பங்குப் பணியாளருக்கும், செபிப்பதாகச் சொன்ன அனைவருக்கும் நன்றி. செபித்துவிட்டு எழுந்து, கேளாமலே சமையலறைக்குள் போய் எச்சிற்பாத்திரங்களைக் கழுவிவைத்த இருவருக்குச் சற்றுக் கூடுதலாக நன்றி.

உங்கள் சாப்பாட்டுப் பெட்டிகள் ஒன்பதும், யாருடையது என்று தெரியாத நீலநிறச் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்; முக்காலியில் இருந்தபடியே சமைக்கவும் தொடங்கிவிட்டார். ஆகையால் பெட்டிகளை வாங்க வருகிறவர்கள் தயவுசெய்து மதியத்துக்குப் பிறகு வாருங்கள்.

அன்புடன்,
நான்காம் மாடியிலிருந்து ஒரு மகள்
கொழும்பு 13