கல்யாண வி.சி.டி.யில் அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2002-இல் நடந்த எங்கள் கல்யாண வி.சி.டி.யை (வீடியோ வட்டை) வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால், கோப்பைத் திறக்க முடியாது என்றே வந்தது. மாற்றித் தர ஒரு கடையில் 1,500 ரூபாய் கேட்டார்கள். உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற சாதாரண வகை வீடியோதான். கோப்பின் பெயர் மட்டும் ‘.dat’ என்று முடிகிறது. பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய, இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரை இறக்கி, வட்டின் ‘எம்பெக்ஏவி’ (MPEGAV) ஃபோல்டரில் இருந்த அந்தக் கோப்பை அதில் திறந்தேன். சரியாக ஓடியது.

மறைந்த என் அம்மா, பந்தியில் குனிந்து இலை இலையாக உப்பு வைக்கிறார். அப்புறம் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வீடியோவை ஓட்ட உதவும் கோடெக் மென்பொருள் என்று கண்ட தளங்களில் கிடைப்பதை இறக்காதீர்கள். அதோடு வைரஸும் வரலாம். வட்டில் கீறல் விழும் முன் கோப்பை ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள்.

வாசகி,
தஞ்சாவூர்