வற்றல் வீட்டிலிருந்து, தக்காளி பாட்டில் பள்ளியிலிருந்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போரால் வீட்டை விட்டு வந்த குடும்பங்களுக்கு உணவு பதப்படுத்தும் வேலை வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பள்ளிச் சமையற்கூடத்தில் தொடங்குகிறது. வீட்டிலிருந்து காய்கறி வற்றல் அனுப்புங்கள். பாட்டிலில் அடைத்த எதையும் அனுப்ப வேண்டாம். அந்த வேலை முழுவதும் பள்ளியிலேயே, பயிற்சி பெற்றவர்கள் பார்வையில் நடக்கும்.

காரணம் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய். அதை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாடையோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6-க்குக் கீழே இருந்தால் முளைக்காது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பீன்ஸ், கேரட், இறைச்சி ஆகியவற்றில் அந்தப் புளிப்பு இல்லை. அவற்றை பாட்டிலில் அடைக்க 116 டிகிரிக்குக் குறையாத சூடும், அதற்கென்றே செய்த அழுத்தக் கலனும் வேண்டும். வீட்டுக் குக்கர் உதவாது. சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடுவதால் நேரக் கணக்கு தவறிப்போகும். மருத்துவமனை எங்கே என்றுகூடத் தெரியாமல் வந்து இறங்கியவர்களுக்கு நாம் இந்த ஆபத்தைக் கொடுக்கக் கூடாது.

தக்காளி அந்த 4.6-ஐ ஒட்டியே நிற்கிறது. அதனால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் அல்லது இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்ப்போம். சாறு கடையில் அடைத்து விற்பதாக இருக்கட்டும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அடைத்த சாற்றில் அது சீராக இருக்கும். நசுக்கிக் கொதிக்க வைத்த தக்காளியை வாயிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பி மூடி, மூடிக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க 45 நிமிடம் கொதிக்க விட வேண்டும். இது கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரைக்கான கணக்கு. அதற்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் நேரம் கூடும். மறுநாள் மூடியின் நடுவை அழுத்தினால் அசையக் கூடாது. அசைந்தால் அந்த பாட்டிலை யாருக்கும் தர மாட்டோம்.

இனி வற்றல். கேரட்டைத் தோல் சீவி 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக நறுக்குங்கள். கனம் மாறினால் சில காய்ந்திருக்கும், சில உள்ளே ஈரமாக இருக்கும். அந்தச் சில துண்டுகளே முழுப் பொட்டலத்திலும் பூஞ்சை பிடிக்க வைக்கும். கொதிநீரில் மூன்றரை நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி வடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் காய்ந்த பிறகும் நிறமும் சுவையும் கெட்டுக்கொண்டே போகும். 60 டிகிரியில் உலர்த்துங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்புறம் இறுகி, உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். துண்டு வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும்.

ஆறியதும் கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்குக்கு மிகாமல் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி தெரிந்தால் மறுபடி உலர்த்துங்கள். பூஞ்சை தெரிந்தால் அந்த ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள், அதில் பொறுக்கி எடுக்க வேண்டாம்.

வற்றலைச் சமைக்கத் தண்ணீரும் அடுப்பும் வேண்டும். எந்தத் தங்குமிடத்தில் அவை இருக்கின்றன என்று கேட்டறிந்து, இருக்கும் இடங்களுக்கே வற்றல் போகும். ஒரு பொட்டலத்தில் ஒரே காய், 100 கிராம். அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேரட் பிடிக்கும். காயின் பெயர், உலர்த்திய தேதி, ஊற வைக்கும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். கொடுப்பவர் பெயர் வேண்டாம். வந்த குடும்பங்களில் சிலரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் படிக்கிறார்கள்; இந்தக் கடிதம் அந்தப் பெற்றோர்களுக்கும் வருகிறது. அவர்கள் விரும்பினால் சனிக்கிழமை நம்முடன் வேலை செய்யலாம். தங்கள் வீட்டில் எது சமைப்பார்கள் என்று சொன்னால் அதையே செய்வோம். படம் எடுக்க வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் காய் கழுவலாம், எடை போடலாம், சீட்டு ஒட்டலாம். கொதிநீர் இருக்கும் அறைக்குள் பெரியவர்கள் மட்டுமே. வயிற்றுப்போக்கோ கையில் ஆறாத புண்ணோ உள்ளவர்கள் அன்று வர வேண்டாம். ஒரு வாரம் குலுக்கிப் பார்த்து முடித்த பொட்டலங்களை அடுத்து வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்