பக்கத்து பெஞ்சுக்காரரின் காது

திருநகர், மதுரை

அன்பு மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்கு இடது கண் புரை ஆபரேஷன் அண்ணா நகர் அரவிந்தில் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் தேதியைப் படித்துக் காட்டினார். அடுத்த கேள்வி உன்னைப் பற்றித்தான்: "அவன் எப்ப வர்றானாம்?"

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் பக்கம் புது ரைபிள் வாங்கிய சந்தோஷம், அடுத்த பக்கம் முழுக்கக் கோபம். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நீ நாலு தோட்டா சுடுவதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரர் சாமான்களைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார், ரேஞ்ச் ஆபீசர் வந்து உன்னைக் கடைசி பெஞ்சுக்கு மாறச் சொன்னார், டெக்சாஸில் இத்தனை வருஷம் இருந்தும் இன்னும் வெளியூர்க்காரன் மாதிரி நடத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். "காசு கட்டித்தான சுடுறேன், நீயே நியாயம் சொல்லு மச்சான்" என்றும் கேட்டிருக்கிறாய். கேட்டதால் சொல்கிறேன். உன் நிறத்துக்கும் ஊருக்கும் இதில் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரிய தோட்டா போடும் உன் .300 வின்செஸ்டர் மேக்னம் ரைபிளின் குழல் நுனியில் மாட்டியிருக்கிறாயே, அந்த மசில் பிரேக்தான் விஷயம். நியாயம் அவர்கள் பக்கம்.

தோள் ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு அது தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார். குண்டு குழலை விட்டுப் போன கையோடு, மருந்து எரிந்த வாயு அதன் பின்னாலேயே சீறி வருகிறது. பெரிய தோட்டாக்களில் நம் தோளை உதைப்பதில் இந்த வாயுவுக்கும் கணிசமான பங்கு உண்டு. பிரேக் அந்த வாயுவை நேரே போகவிடாமல், உள்ளே இருக்கும் தடுப்புகளில் மோதவைத்து, பக்கவாட்டுத் துளைகள் வழியாக இரண்டு புறமும் திருப்பிவிடுகிறது. சில மாடல்களில் கொஞ்சம் பின்பக்கமாகவே திருப்புகிறது. மோதுகிற வேகத்தில் துப்பாக்கி முன்னால் இழுபடுவதால் உதைப்பு குறைகிறது. உன் தோள் தப்பித்தது, சரி. ஆனால் முன்னால் போயிருக்க வேண்டிய அந்த அழுத்தமும் சத்தமும் இப்போது யார் இருக்கும் பக்கம் போகிறது? நம் மாடியில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று குழாயைப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் திருப்பி வைக்கிற வேலைதான் இது. நம் தெருவில் அதற்கு எத்தனை பஞ்சாயத்து நடந்திருக்கிறது!

கணக்கைப் பார்த்தால் உனக்கே திக்கென்று இருக்கும். நீ வைத்திருக்கும் வகை ரைபிள் வெறும் குழலிலேயே 160 டெசிபலைத் தாண்டும். பிரேக் போட்டால் சுடுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் இன்னும் 5 முதல் 10 டெசிபல் கூடும். ஐந்துதானே, பத்துதானே என்று நினைத்துவிடாதே. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு, பத்து கூடினால் பத்து மடங்கு. திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல் உச்சம்தான் எல்லை என்று உங்கள் ஊர்த் தொழிலாளர் பாதுகாப்பு விதியே சொல்கிறது. இங்கே சிவகாசிப் பட்டாசுக்கு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 145 டெசிபல் உச்சத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. உன் பக்கத்து பெஞ்சு 4 மீட்டர் தள்ளியா இருக்கிறது? ஆள் உயரத் தூரம்கூட இருக்காது.

சத்தத்தோடு காற்றும் அடிக்கும். பக்கத்தில் இருப்பவரின் தொப்பி பறக்கும், குறிப்பெழுதும் தாள் பறக்கும், தரையில் படுத்துச் சுட்டால் மண்ணும் பொடிக்கல்லும் முகத்தில் அடிக்கும். அவர் தூரத்துக் குறி அட்டையைப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் கண் வைத்திருந்தால் அட்டை ஆடுவது போலத் தெரியும். மேலே தகரக் கூரை, இரு பக்கமும் தடுப்பு என்றால் சத்தம் போக வழியில்லாமல் அங்கேயே மோதித் திரும்பும்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. போன வருஷம் தென்மாவட்டத்து ரேஞ்சு ஒன்றுக்கு நான் சுடக் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். .22 ரைபிள், 50 மீட்டர். ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை குப்புறப் படுத்துச் சுட்டு முடித்துவிட்டு, நான் சொல்வதைக் கேட்பதற்காக காதை மூடியிருந்த இயர் மஃபின் ஒரு பக்கத்தை விரலால் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து, தன் .315 ரைபிளைச் சோதிக்க வந்திருந்த ஒருவர், அடுத்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் சுட்டார். அதில் பிரேக்கும் கிடையாது, வெறும் குழல்தான். பிள்ளை அப்படியே சுருண்டுவிட்டாள். உள்ளங்கையால் காதை அழுத்திக்கொண்டு, "சார், கொய்ங்னு கேக்குது சார்" என்றாள். கண்ணில் தண்ணீர். இரவு வரைக்கும் அந்த இரைச்சல் நிற்கவில்லை என்று அவள் அம்மா போனில் சொன்னார். ரேஞ்சுக்காரர்களிடம் முறையிட்டேன், "ரேஞ்சுன்னா சத்தம் இருக்கத்தான சார் செய்யும்" என்றார்கள்.

காது தேறிவிட்டது, டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டோம். சுடுகிற கைதான் கெட்டுப்போனது. டிரிகரில் விரல் பட்டதுமே கண் மூடிக்கொள்ளும், தோள் துள்ளும். நடுவில் கூட்டமாக விழுந்துகொண்டிருந்த அவள் குண்டுகள் அட்டையின் இடது கீழ் மூலையில் சிதறின. தோட்டா போடாமல், காலி ரைபிளில் டிரிகரை இழுக்கவைத்து இழுக்கவைத்து மாதக்கணக்கில் அந்தப் பயத்தைக் கரைக்க வேண்டியிருந்தது. உன் ரேஞ்சிலும் முதல்முதலாகத் துப்பாக்கியைத் தொட வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். நீ பிரேக்கோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நடக்கப்போவது இதுதான், இன்னும் பெரிய அளவில்.

நம் என்.சி.சி. ஹவில்தாரை நினைத்துப் பார். எதைக் கேட்டாலும் தலையைத் திருப்பி வலது காதைத்தான் நீட்டுவார். வலக்கைக்காரர் ரைபிளைத் தோளில் வைத்தால் இடது காது குழலின் வாய்ப்பக்கம் வரும், வலது காது தலையின் மறைவுக்குப் போய்விடும். பட்டாளத்தில் அத்தனை வருஷம் .303 சுட்டவருக்கு இடது காது போனதன் காரணம் அதுதான். அந்தக் காலத்தில் நமக்குக் கொடுத்ததும் ஆளுக்கு ஒரு துண்டுப் பஞ்சு. பஞ்சால் அந்தச் சத்தம் நிற்காது.

ஒவ்வொரு உட்காதிலும் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட பகுதிக்குள், சத்தத்தை உணரும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள்தான் பிறக்கும்போதே வருகின்றன. செத்தால் செத்ததுதான், மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை என்றால் அரவிந்துக்குப் போய் லென்ஸ் வைத்து மறுநாள் காலண்டர் படிக்கலாம். துப்பாக்கிச் சத்தத்தில் போன காதுக்கு அப்படி ஒரு ஆபரேஷன் எந்த ஊரிலும் கிடையாது. மிஷின் மாட்டிக்கொண்டு சமாளிக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் எழுந்து போன அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போகும் முன் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மட்டும் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீயே நகர்ந்திருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும்.

ரைபிளை விற்கச் சொல்லவில்லை, பிரேக்கைக் கழற்றி எறியவும் சொல்லவில்லை. ஆனால் பலன் உனக்கு என்பதால் சிரமமும் உன்னுடையதாக இருக்க வேண்டும். ரேஞ்சுக்குள் நுழைந்ததும் முதலில் ஆபீசரிடம் போய், "பிரேக் போட்ட மேக்னம், எந்த பெஞ்சில் உட்காரட்டும்?" என்று நீயாகவே கேள். கடைசி பெஞ்சைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதே, ஒரு பக்கம் ஆளில்லாத இடம் அதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, "சுடப்போகிறேன்" என்று சொல், அவர் காதை மூடித் தலையாட்டும் வரை தோட்டாவை ஏற்றாதே. சிறு பிள்ளையோ புதியவரோ இருந்தால் அவர்கள் முடித்துவிட்டுக் கிளம்பும் வரை பொறு. கூட்டமில்லாத வாரநாள் காலையில் போவது இன்னும் உத்தமம். கழற்றி மாட்டும் வகை என்றால், கூட்டமான நாளில் கழற்றி வைத்துவிட்டு மிதமான தோட்டாவில் சுட்டுவிட்டு வா. ஆனால் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறும், ஜீரோவை, அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழுகிறதா என்பதை, சரிபார்க்காமல் வேட்டைக்குப் போய்விடாதே.

உனக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அது இல்லை. இங்கே சத்தம் குறைக்கும் கருவி தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது. உங்கள் ஊரில் 1934-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்து சப்ரஸர் வாங்கலாம், அதற்கு இருந்த 200 டாலர் வரியையும் 2026 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். அதுவும் உதைப்பைக் குறைக்கும், சத்தமும் 20, 30 டெசிபல் இறங்கும். உன் தோளுக்கும் அடுத்தவர் காதுக்கும் ஒன்றாக நல்லது செய்கிற சாமான் இருக்கும்போது, நான் உன் இடத்தில் இருந்தால் அந்தப் பக்கம்தான் போவேன். மாட்டினாலும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு சுடலாம் என்று நினைக்காதே, மேக்னத்தில் அது கூடாது.

உன் காதையும் பார்த்துக்கொள். ஃபோம் பிளக்கை விரலிடையில் ஊசியாக உருட்டு. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அமுக்கிப் பிடி. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாத கணக்குதான். அதன் மேல் மஃப். உன் தடித்த மூக்குக் கண்ணாடியின் காம்பு மஃபின் மெத்தையைத் தூக்கிவிடும், மெல்லிய காம்பாக மாற்று. இரண்டும் போட்டால் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று உறைகளில் போட்டிருக்கும் எண்களைக் கூட்டிக்கொள்ளாதே. எது பெரியதோ அதோடு ஐந்து டெசிபல் சேர்த்தால் போதும். அதற்கு மேல் மண்டை எலும்பு வழியாகவே சத்தம் உள்ளே போய்விடுகிறது.

"எல்லாரும்தான் பிரேக் போடுறாங்க" என்றும் எழுதியிருந்தாய். வரிசையாகப் பலர் பக்கத்தில் பக்கத்தில் சுடும் போட்டிகளைப் பார். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளை நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியில் ரைபிளுக்கு மசில் பிரேக் கூடாது. எஃப் கிளாஸ் நீள்தூரப் போட்டியிலும் கூடாது. நீ காணொளியில் பார்க்கிற, இடம் மாறி மாறிச் சுடும் போட்டிகளில் பிரேக் சாதாரணம்தான். அங்கே பெரும்பாலும் ஒரு இடத்தில் ஒரு ஆள் சுடுவார், மற்றவர்கள் பின்னால் தள்ளி நிற்பார்கள். தோளோடு தோள் உட்கார்ந்து சுடும் பெஞ்சுக்கு அந்த வழக்கத்தைக் கொண்டுவருவதுதான் தொல்லை.

இதை எழுதும்போது கொள்ளுக்குடிப்பட்டி நினைவு வருகிறது. மேலூர் தாண்டித் திருப்பத்தூர்ப் பக்கம், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், இராக்கொக்கு எல்லாம் கண்மாய் மரங்களில் கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை பயந்து கூட்டை விட்டுப் போய்விடும், குஞ்சு செத்துவிடும் என்பதற்காக. தீபாவளிக்கு வனத்துறை அந்தப் பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. போன ஐப்பசியில் அங்கே போயிருந்தபோது கண்மாய்க் கரையில் நின்ற ஒரு பெரியவரிடம், பிள்ளைகள் அடம்பிடிக்காதா என்று கேட்டேன். "அதுங்களுக்குக் குஞ்சு இருக்குல்ல தம்பி" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. வெடி போடக் காசு இல்லாதவர்கள் இல்லை, போடக் கூடாது என்று அவர்களை யாரும் மிரட்டவும் இல்லை. ரேஞ்சில் நம்மிடம் எதிர்பார்ப்பது இதில் கால்வாசிகூட இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது அந்த மனிதர் இருந்தால் நீயே போய்ப் பேசு. மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை, "அன்னைக்கு என் பிரேக் உங்களைத் தொந்தரவு பண்ணிடுச்சு, இனிமே சொல்லிட்டுச் சுடுறேன்" என்றால் போதும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், டிக்கெட் போட்டதும் தேதி சொல். வரும்போது சின்னத் தலைக்குப் பொருந்துகிற இயர் மஃப் நான்கு வாங்கி வா. இங்கே என் கையில் கிடைப்பதெல்லாம் பெரியவர்கள் அளவு, பிள்ளைகள் குனிந்தால் நழுவி விழுகிறது. காசை இங்கே வந்ததும் வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு மச்சான்