பேங்க் நிலையத்துக்கு மேலே ஒரு தேவாலயம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இரண்டு வாரம் எதையும் படிக்கக்கூடாதாமே. இதை வீட்டில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்.

லண்டனுக்கு, மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பேரனைப் பள்ளியில் விட்டபின் எனக்கு வேலையில்லை. ஆகவே முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் கட்டிய தேவாலயங்களைத் தேடித் திரிகிறேன். வரைந்தது நாமாகவும் கையெழுத்து வேறொருவருடையதாகவும் எத்தனை கட்டட வரைபடத் தாள்கள் போயின! இந்த மனிதரும் நம் இனம்தான். பதினெட்டு வயதுவாக்கில், அக்காலத்துப் பெரிய கட்டடக் கலைஞரான கிறிஸ்டோபர் ரென்னிடம் எழுத்தராகச் சேர்ந்தவர். செயின்ட் பால்ஸ் பேராலய வேலையிலெல்லாம் அவர் கை உண்டு. பிறகு வான்பிரா வந்தார். அவர் நாடக ஆசிரியர்; கட்டடம் கட்டிப் பழக்கமில்லை. காசில் ஹவார்ட், பிளெனிம் மாளிகைகளை அவர் கற்பனை செய்ய, அவை நிஜமாக எழும்பி நிற்க உழைத்தவர் ஹாக்ஸ்மூர். பெயர் யாருக்குப் போனது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

1711இல், நிலக்கரி வரிப் பணத்தில் லண்டனுக்கு 50 புதிய தேவாலயங்கள் கட்டச் சட்டம் வந்தது. எழும்பியவை பன்னிரண்டுதான், அவற்றில் ஆறு முழுக்க இவருடையவை. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

நேற்று செயின்ட் மேரி வுல்நாத் போனேன். வங்கிகளுக்கு நடுவே, ஒரு கோட்டை வழிதவறி வந்து நிற்பதுபோல இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆழமாக வெட்டிய கோடுகள். விரலை வைத்துப் பார்த்தேன், உள்ளே போய்விட்டது. பக்கச் சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய மாடங்கள். தெருச் சத்தம் உள்ளே வராது. உள்ளே மூலைக்கு மூன்றாகப் பன்னிரண்டு தூண்கள், மேலே அரைவட்ட ஜன்னல்கள் வழியாக வெளிச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுரங்க ரயில்காரர்கள் இதை இடிக்கப் பார்த்தார்கள். ஊர் எதிர்த்ததால், அடித்தளத்தில் புதைந்திருந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றி, கட்டடத்தை இரும்பில் தாங்கி, கீழே ‘பேங்க்’ என்ற ரயில் நிலையத்தை அமைத்தார்கள்.

ப்ளூம்ஸ்பரி தேவாலயம் வேறு ரகம். பழைய ஏழு அதிசயங்களில் ஒன்றான ஹாலிகார்னஸஸ் சமாதியைப் பற்றி ரோமானியர் பிளினி எழுதியதை வைத்து, படிப்படியாக ஒரு பிரமிடைக் கோபுரமாக்கி, உச்சியில் முதலாம் ஜார்ஜ் மன்னரை நிறுத்திவிட்டார்! இத்தனைக்கும் ஹாக்ஸ்மூர் இங்கிலாந்தை விட்டு எங்கும் போனதில்லை. எல்லாம் புத்தகமும் அச்சுப்படமும் பார்த்துத்தான். மன்னரின் காலடியில் சண்டைபோடும் சிங்கங்களையும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளையும் 1871இல் எடுத்துவிட்டார்கள். 2006இல் புதிதாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படி. ஆனாலும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

1718இல் அரசுக் கட்டட அலுவலகத்தின் தலைமையிலிருந்து ரென்னைத் தூக்கிவிட்டு வந்த புதிய மேலதிகாரி, அங்கே ஹாக்ஸ்மூர் வகித்த செயலாளர் பதவியைத் தன் தம்பிக்குக் கொடுத்தார். படித்ததும் உன் பதவி உயர்வு யார் மைத்துனனுக்குப் போனது என்பது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் மேற்குக் கோபுரங்களும் இவர் வரைந்தவைதான். அவை முடிந்தது 1745இல். இவர் 1736இலேயே போய்விட்டார். அவற்றின் முன்னால் படமெடுப்பவர்கள் ஏதோ இடைக்காலத்துக் கோபுரங்கள் என்று நினைத்துக்கொண்டு எடுக்கிறார்கள்.

வியாழக்கிழமை லைம்ஹவுஸில் உள்ள இவருடைய தேவாலயத்துக்குப் போகிறேன். என் பழைய காம்பஸ் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? திருப்பித் தர வேண்டாம். கட்டுப் பிரித்ததும் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

உன் பழைய அறைத்தோழன்