சாவி வைத்திருந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள துறை நண்பர்களுக்கு,

மருத்துவமனையில் நம் துறை ஊழியர்களுக்கான நலக் குழுவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. இந்த மாதக் கடைசியோடு அதை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறேன். போவதற்கு முன் கொஞ்சம் கடன் பாக்கி இருக்கிறது. பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. போடாதீர்கள் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள், மீதிப் பேருக்கு மட்டும் போட்டால் நன்றாக இருக்காது. அதனால் செய்த வேலையைச் சொல்கிறேன். ஆள் யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, என் முதல் திட்டத்தைக் கவிழ்த்த வார்டு பொறுப்பு சிஸ்டருக்கு. குழு அமைந்த கையோடு நான் ஆரம்பித்தது புதன்கிழமை மதியத் தியான வகுப்பு. முதல் வாரம் ஒன்பது பேர். மூன்றாவது வாரம் சொல்லித்தர வந்தவரும் நானும் மட்டும். ஏன் யாருமே வரவில்லை என்று சிஸ்டரிடம் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த சார்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நேரம் இல்லைன்னுதான் மேடம் எல்லாரும் வாடுறோம். அதுலேயும் நீங்க ஒரு மணி நேரம் கேக்கறீங்க."

சுருக்கென்று இருந்தது, மறைக்கவில்லை. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்று விளக்கமும் கொடுத்தது. மாணவர்களுக்கு இதை நானே பாடமாக எடுத்திருக்கிறேன். எடுத்த நான்தான் வேலையை அப்படியே விட்டுவிட்டு, வேலை செய்கிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பியிருக்கிறேன். சிஸ்டர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் நாலு வகுப்பு நடத்தியிருப்பேன், வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கையும் எழுதியிருப்பேன்.

அடுத்தது, எங்களுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுத்த தம்பிக்கு. பணிச்சோர்வு பற்றி எடுத்த முதல் கணக்கெடுப்பில் எல்லோரும் "நன்றாக இருக்கிறோம்" என்று குறித்திருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பெட்டியை எங்கே வச்சிருந்தீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டார். என் அறையில், என் மேசைமேல்! யார் எப்போது வந்து போட்டார்கள் என்று எனக்கே தெரியும். இரண்டாவது முறை பெட்டி என் அறையைவிட்டு வெளியே போனது. ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் பதிலையும் தனியாகக் காட்டக் கூடாது என்ற விதியையும் அவர்தான் போட்டார். மூன்றே பேர் இருக்கும் பிரிவில் "ஒருவர் மிகவும் சோர்ந்திருக்கிறார்" என்று எழுதினால் மற்ற இருவருக்கும் அது யாரென்று தெரியாதா என்ன.

இன்னொரு திருத்தம் ஒரு லேப் டெக்னீஷியன் செய்தது. கணக்கெடுப்புக்கு நான் தேர்ந்தெடுத்திருந்தது, பணிச்சோர்வை அளக்கும் மாஸ்லாக் அளவுகோலின் 22 கேள்விகள். 1981 முதல் உலகம் முழுக்கப் புழங்குவது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நான் எடுத்த வடிவம் ஆட்களோடு நேரடியாகப் பழகும் வேலையில் இருப்பவர்களுக்கானது. அவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "நான் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. குழாயைத்தான் பார்க்கிறேன். எனக்கு எந்தக் கட்டம்?" நலக் குழு என்று பெயர் வைத்துவிட்டு மனசுக்குள் 'டாக்டர்கள் நலக் குழு' என்றே நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புள்ளியியல் தம்பி உடனே, அதே சோர்வை அளக்கும் கோபன்ஹேகன் அளவுகோலைக் கொண்டுவந்தார். 2005-ல் வெளியான 19 கேள்விகள், மூன்று பகுதிகள்: பொதுவான சோர்வு, வேலையால் வரும் சோர்வு, நாம் சேவை செய்கிறவர்களோடு பழகுவதால் வரும் சோர்வு. நோயாளியைப் பார்க்காதவர்கள் மூன்றாவது பகுதியை விட்டுவிடலாம். அதில் பார்த்தபோது அதிகச் சோர்வு, நாங்கள் எதிர்பார்த்த ரெசிடென்ட்களிடம், அதாவது பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களிடம், இல்லை. வருகிறவர்களை வரவேற்கும் முன்மேசையில் இருந்தது. நாள் முழுக்கத் திட்டு வாங்கும் இடம் அதுதான் என்று யோசித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இனி, என் மனசுக்கு மிக நெருக்கமான நன்றி. அலுவலகத்தில் ரெஜிஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு.

ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 2017-ல், நோயாளிகளின் கணினிப் பதிவு முறையில் தங்களுக்கு வெட்டி வேலை என்று தோன்றுவதை எழுதித் தாருங்கள் என்று ஊழியர்களிடமே கேட்டு, தேவையில்லாததை நீக்கியது. அதையே இங்கேயும் செய்வோம் என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் எழுதவில்லை. அண்ணன் மட்டும் ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் நடந்தார். ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் ஒரு பக்கம். யார் எழுதுகிறார்கள், எவ்வளவு நேரம், அப்புறம் யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள். கடைசிப் பத்தி பல பக்கங்களில் காலி. ரத்த அழுத்தம் ஒரே காலையில் மூன்று இடத்தில் எழுதப்பட்டது. ஒரு மாதாந்திரப் படிவம் இரண்டு பிரதியாக நிரப்பி அனுப்பப்பட்டு வந்தது. அது போய்ச் சேர வேண்டிய பிரிவு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அந்தப் படிவங்களெல்லாம் எங்கே போய் விழுந்தன என்பது இன்றுவரை மர்மம்.

2016-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, மருத்துவர் நோயாளியோடு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கண்டது. அதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! ஒரு படிவமும் நிற்கவில்லை. அண்ணனின் டைரியைக் கொண்டுபோய் வைத்ததும் நான்கு நின்றன. இங்கே நிதி அலுவலருக்கும் ஒரு நன்றி. "இதில் நமக்கு என்ன மிச்சம்?" என்று அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டதால்தான் நிமிடக் கணக்கு போட்டோம். கணக்கைப் பார்த்தபின் கையெழுத்துப் போட அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரவு டியூட்டி ஓய்வறை விஷயம் எல்லோருக்கும் தெரியும். உடைந்த நாற்காலியும் பழைய கோப்புகளும் அடைத்துப் பூட்டிய அறை. சாவி கேட்டு நான் எழுதிய கடிதங்கள் இரண்டு மாதம் மேசை மேசையாகச் சுற்றின. ஒருநாள் அந்தக் கதவு முன்னால் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். ஒரு சாவியைத் தனியாகப் பிரித்து நீட்டி, "இதா மேடம்? எங்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார். உள்ளே இருந்ததைக் காலி செய்யவும் அவரும் அவர் கூட்டாளிகளும்தான் கைகொடுத்தார்கள். இரண்டு கட்டில், கனமான ஒரு திரை, உள்ளிருந்து போட ஒரு தாழ்ப்பாள். செலவு அவ்வளவுதான். இரவு வேலை முடிந்து கண் சொருக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் இப்போது ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு மூத்த பேராசிரியருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஓர் இறப்புக்குப் பிறகு எங்கள் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவர் பத்து நாள் யாருடனும் பேசவில்லை. அந்த இறப்பு பற்றிய ஆய்வுக் கூட்டத்தில் எல்லோரும் மருந்தளவையும் நேரத்தையும் பேசி முடித்தோம். எழுந்திருக்கப் போகும் நேரத்தில் சார், "கொஞ்சம் உக்காருங்க" என்றார். தன் கையால் நடந்த ஒரு தவறைச் சொன்னார். அந்த நோயாளியின் கட்டில் எந்தச் சன்னலை ஒட்டி இருந்தது என்பது முதல் சொன்னார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இப்படித் தவறுக்குப் பின் உடைந்துபோகும் மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று ஆல்பர்ட் வூ 2000-ல் எழுதினார். அந்தப் பெயர் பாதிக்கப்பட்ட குடும்பத்தை ஓரம் தள்ளுகிறது என்று பிறகு எதிர்ப்பும் வந்தது, அதிலும் நியாயம் உண்டு. எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, அன்று மாலை அந்த இளைஞர் சாரோடு ஒன்றாகப் படியிறங்கிப் போனார். இன்று அவர் பேசிவிட முடிகிற இரண்டு பேர் துறையில் இருக்கிறார்கள். அவர்களும் கேட்டவுடன் ஒப்புக்கொண்டவர்கள்தான்.

சுருக்கமாகச் சிலருக்கு: மாலை ஆறு மணிக் கூட்டங்களை மதியத்துக்கு மாற்றி, மாற்றியதை மாற்ற விடாமல் காத்த துறைச் செயலருக்கு; என் வரைவைச் சிவப்பு மையால் நிரப்பித் தந்த ரெசிடென்ட்களுக்கு; மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவா பிரகடனத்தில் 2017-ல் சேர்ந்த, மருத்துவர் தன் நலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரியை ஓய்வறைக் கதவில் ஒட்டியவருக்கு; அதன் கீழே "மற்றவர்களும்" என்று எழுதியவருக்கும். அந்தப் பென்சில் எழுத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

முடியாததும் இருக்கிறது. விடுப்பில் போகிறவரின் வேலையை யார் பார்ப்பது என்பதற்கு இன்னும் வழி செய்யவில்லை. விடுப்பு முடிந்து வந்தால் மேசையில் இரட்டிப்பு வேலை காத்திருக்கும் என்றால் யாரும் நிம்மதியாகப் போக மாட்டார்கள். முன்மேசைக்குக் கேட்ட கூடுதல் ஆளும் வரவில்லை. இரண்டும் கோப்பில் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அடுத்து வருகிறவர் அண்ணனின் டைரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

ஓய்வறைக்கு இப்போது இரண்டு சாவி. ஒன்று பாதுகாவலர் மேசையில். இன்னொன்று பழையபடி அந்த அம்மாவின் கொத்தில்.

அன்புடன்,
நலக் குழுவிலிருந்து விடைபெறும் உங்கள் சகா