துருவப் பயணமும் ஒரு ஜெர்மன் நாவலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

துருவப் பயணங்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை ஸ்காட், ஆமுண்ட்சென் இருவரோடு நின்றுவிட்டது வருத்தமே. ஆஸ்திரிய எழுத்தாளர் கிறிஸ்டோஃப் ரான்ஸ்மயர் ஜெர்மனில் எழுதி 1984இல் வெளிவந்த 'பனியின், இருளின் பயங்கரங்கள்' நாவலைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். 1872இல் கிளம்பிய ஆஸ்திரிய-ஹங்கேரிய வடதுருவப் பயணம்தான் கதை. அந்த ஆகஸ்ட்டிலேயே 'டெகெட்ஹோஃப்' கப்பல் பனியில் இறுகியது. பனி இழுத்த இழுப்புக்கு ஓராண்டு மிதந்து, வரைபடத்தில் இல்லாத தீவுக்கூட்டம் ஒன்றைக் கண்டது. மன்னர் பிரான்ஸ் யோசேப்பின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

1874 மே மாதம் கப்பலைக் கைவிட்டுப் படகுகளைப் பனிமேல் இழுத்தார்கள். முன்னே இவர்கள் இழுக்க, பனிப்பாளம் பின்னே தள்ளியது. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து உழைத்தும், கப்பலிலிருந்து வந்த தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான்!

தலைவர்கள் வைப்ரெக்ட், பயர் இருவரின் எழுத்தோடு, கப்பல் இயந்திரத்தைக் கவனித்த கிரிஷ், வேட்டைக்காரர் ஹாலர் ஆகியோரின் நாட்குறிப்புகளையும் ரான்ஸ்மயர் அருகருகே வைக்கிறார். நோயில் இறந்த கிரிஷ் அந்தப் பனி நிலத்திலேயே புதைக்கப்பட்டார். சாகச வரலாறுகள் இத்தகையவர்களை ஒரு வரியில் தாண்டிவிடும். இந்த நாவல் தாண்டவில்லை. அதனாலேயே இதை மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஊர் திரும்பிய வைப்ரெக்ட், நிலம் பிடிக்கும் போட்டியை விட்டுப் பல நாடுகளும் ஒரே நேரத்தில் அளவீடு செய்ய வேண்டும் என்று வாதாடினார். அந்த யோசனைப்படியே பல நாடுகள் சேர்ந்து துருவப் பகுதிகளில் அளவீடு செய்த முதல் சர்வதேச துருவ ஆண்டு 1882இல் தொடங்கியது. அவர் 1881இலேயே காலமாகிவிட்டார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர், திருச்சி